முதல் படத்திலேயே சொல்லிவிடுவார்

லாத்தா யாரையும் "யாரு?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கதவு தட்டப்படும். உள்ளேயிருந்து பதில் வரும். "சிலிண்டரா, பின்பக்கமா கொண்டாங்க." அல்லது, "தொறந்துதான் கெடக்கு மாமி, வாங்க." வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, அவர் யார் என்பதை லாத்தா அவருக்குத் தெரிவித்துவிடுவார்.

லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா; உம்மா அம்மா, வாப்பா அப்பா. காரைக்காலில் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர் உண்மையிலேயே லாத்தா. மீதிப் பேர் பழக்கத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள். நான் மீதியில் ஒருத்தி. குரும்பகரத்துக்காரி. டவுனில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தபோது, கல்யாணமான புதிது, அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தோம். என் கணவர் விடிந்ததும் திருவாரூர் பஸ்ஸைப் பிடித்தால் இருட்டித்தான் திரும்புவார். ஆகவே அந்த வருஷங்களில் நான் அதிகம் பார்த்த முகம் லாத்தாவுடையது. நாற்பதுகளின் பின்பாதி. சர்க்கரை உண்டு. வீடு அவருடைய உம்மா அவருக்குக் கொடுத்தது. கணவர் குவைத்தில், கட்டட வேலையில் மேற்பார்வை. ஒரே மகள், புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படித்தாள்.

அந்த மகள்தான் விளையாட்டைக் கொண்டுவந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனவள். தினம் காலையில் போனில் ஒரு படம் வரும். ஜப்பான் கார்ட்டூனில் வருகிற யாரோ ஒருவருடைய படம். அனிமே என்று சொல்ல வேண்டும். கார்ட்டூன் என்றால் மகளுக்குக் கோபம் வரும். படம் முதலில், ஆவி பிடித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கலாக இருக்கும். அது யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மங்கல் கொஞ்சம் விலகும். இன்னொரு தப்பு, இன்னும் கொஞ்சம் தெளிவு. இப்படிச் சில வாய்ப்புகள். அதற்குள் சொல்லாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், அடுத்த படம் நாளைக்கு.

ஊரடங்குக் காலத்தில் மகள் இந்தத் தொடர்களையெல்லாம் டிவியில் போட்டுப் பார்க்க, பக்கத்தில் உட்கார்ந்து லாத்தாவும் பார்த்திருக்கிறார். தமிழில் பேசுகிறவற்றைத் தமிழில் கேட்டார். ஜப்பானியத்தில் பேசுகிறவற்றை மகள் சொல்லக் கேட்டார். மகள் விடுதிக்குப் போன பிறகு, இருவருக்கும் நடுவில் தினமும் நிச்சயமாக நடந்த பேச்சு இந்த விளையாட்டுதான். அதில் தட்டச்சு செய்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

"டீச்சர், பசியாறிட்டீங்களா? இத அடிச்சிக் குடுத்துட்டுப் போங்க. எனக்கு இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரியாது."

முதல் நாள் போனை வாங்கிப் பார்த்தேன். தட்டில் சிந்திய பீட்ரூட் பொரியல் மாதிரி இருந்தது.

"இது ஆளா லாத்தா?"

"நல்லாப் பாருங்க. தோளு ஒரு பக்கம் எறங்கியிருக்கா? வாப்பா வுட்டுட்டுப் போன புள்ள அது. எப்பவும் அப்படித்தான் நிக்கும்."

பெயரையும் சொன்னார். ஜப்பான் பெயர்களை அவர் ஏதோ நாகூரில் இருக்கும் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோல் சொல்வார். நான் அடித்தேன். சரி என்று வந்தது. மங்கல் முழுக்க விலகி, குடையைச் சாய்த்துப் பிடித்த ஒரு பெண் திரையில் நின்றாள்.

"பாருங்க லாத்தா, என்ன அழகா வரைஞ்சிருக்காங்க."

போனைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தார். "மொதல்லயும் இப்படித்தானே இருந்துச்சு" என்றார்.

அதை நான் ஜெயிக்கிறவர்களுக்கு வரும் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டேன்.

தினமும் இதுதான் நடந்தது. முதல் படத்திலேயே சொல்லிவிடுவார். கழுத்தை வைத்துச் சொல்வார், முடியின் நிறத்தை வைத்துச் சொல்வார், "இவன் கோவக்காரன், நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கிறான் பாருங்க" என்பார். முடிவை மகளுக்கு அனுப்பினால், "உம்மா, நீ மனுஷியே இல்ல" என்று பதில் வரும். அதை நான் படித்துக் காட்டுவேன். லாத்தா சிரிக்காமல் கேட்டுக்கொண்டு இடியாப்ப உரலைக் கழுவப் போவார்.

என் வகுப்பில் இந்த அனிமேக்களே கதியென்று கிடக்கும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களும் இதே விளையாட்டை ஆடுகிறவர்கள். லாத்தா முதல் படத்தில் சொன்னதை அவர்கள் நாலாவது, ஐந்தாவது படத்தில் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்காரம்மா ஒருவர் இப்படி என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஒருத்தி எழுந்து, "மிஸ், அவங்க நெட்ல பாத்துட்டுச் சொல்வாங்க மிஸ்" என்றாள். அதை வந்து லாத்தாவிடம் சொன்னேன்.

"நெட்ல எப்படிப் பாக்குறது?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

லாத்தாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒருவரை இன்னார் என்று சொல்லிவிட்டால் பிறகு அதை மாற்ற மாட்டார். ஒரு கல்யாணத்தில், பந்திக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரிடம் போய், "மாமா, எப்ப வந்தீங்க மலேசியாவுலேர்ந்து?" என்று கேட்டிருக்கிறார். அவர் மலேசியாவுக்குப் போனதே இல்லை. ஆனால் மரியாதைக்காரர். மறுக்கக் கூச்சப்பட்டு, "இப்பத்தாம்மா" என்று சொல்லிவிட்டார். லாத்தா அவருடைய மனைவி, மக்கள், முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னார். அவரும் வந்தார். மகள் கண்டுபிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போய், "உம்மா, இவரு நம்ம மாமா இல்ல" என்று சொன்னாள். "நான் மாமான்னு சொல்லிட்டேன்ல, கறிய எடுத்து வையி" என்றாராம் லாத்தா. அன்றிலிருந்து எல்லாப் பெருநாளுக்கும் அந்தப் பெரியவர் வருகிறார். நான் அங்கே இருந்தபோதும் வந்தார். என்னிடம், தான் இந்தக் குடும்பத்துக்கு மாமா முறை என்று அறிமுகம் செய்துகொண்டார்.

சின்னச் சின்ன விஷயங்கள் என் கண்ணில் படத்தான் செய்தன. தேநீர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலைக் கோப்பையின் விளிம்புக்குள் வைத்துக்கொள்வார். ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். நான் புதுச் செருப்பு போட்டு மாடிப்படி இறங்கிய அன்று, முகத்தைத் திருப்பாமலே, "செருப்பு மாத்திட்டீங்களா டீச்சர்? இது நல்லால்ல, தேயும்" என்றார். கடைத்தெருவுக்குப் போனால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடப்பார். மளிகைக் கடைக்காரர் ஒருமுறை எங்கள் கைகளைப் பார்த்தார். "டீச்சருக்கு ரோடு தாண்ட பயம்" என்று லாத்தா அவரிடம் சொன்னார். பிறகு அந்தக் கடைக்கு எப்போது போனாலும், "பாத்துப் போங்க டீச்சர், வண்டி வருது" என்பார் அவர்.

குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் அழைப்பு வரும். திரை நிறைய அவர் முகம் மட்டும் இருக்கும். லாத்தா ஒவ்வொரு முறையும், "எளச்சிட்டீங்களே" என்பார். வெளிநாட்டில் இருக்கும் யாரிடமும் அதைச் சொல்லலாம், தப்பாகாது. அவரும், "சாப்பாடு ஒத்துக்கல" என்பார். பிறகு மகளைப் பற்றிப் பேசுவார்கள். லாத்தா முதல் படத்திலேயே சொல்வதைப் பற்றி அவருக்கு மகள் மூலம் தெரியும். அங்கே தன்னோடு தங்கியிருப்பவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதனால்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. மெலிந்த ஒருவர் ஒரு பையோடு இறங்கினார். கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் பார்த்த முகம்தான், ஆனால் பாதிதான் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் மனைவி என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். வாயைத் திறக்கவில்லை. ஒரு காலை இழுத்து இழுத்து வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தண்ணி கேனா? கொண்டாந்து வைங்க தம்பி."

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். மனைவியும் விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார். லாத்தா கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். நல்ல வெயில். இருவருக்கும் நடுவில் ஒரு சைக்கிளை நிறுத்தும் அளவுக்குத்தான் இடம். லாத்தா அவரை நேராகப் பார்த்தார்.

"கேன் எங்க? வண்டிலயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அது இப்போது சிரிப்பு இல்லை.

"என்ன தம்பி, காலு இழுத்துக்கிட்டு வர்ற சத்தம் கேட்டுச்சே. அடி பட்டுச்சா? போன வாரம் நல்லாத்தான வந்தீங்க? இந்தக் கால வச்சிக்கிட்டு எதுக்கு கேன் தூக்குறீங்க? ஒங்க ஓனர்ட்ட வேற ஆள அனுப்பச் சொல்லுங்க. நான் வேணா பேசுறேன். எப்படி ஆச்சு?"

"சாரத்துலேர்ந்து வுழுந்துட்டேன்" என்றார் அவர்.

குரல் கேட்டதும் லாத்தா அப்படியே நின்றார். கை நிலைக்கதவைத் தேடியது. கொஞ்சம் தள்ளித் தேடி, பிறகு பிடித்துக்கொண்டது.

"தெரியும். வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

"எத்தன நாளா?"

"எது?"

"கண்ணு."

"மொதல்ல நீங்க சொல்லுங்க. காலு எத்தன நாளா?"

அந்த நேரம் பார்த்து உண்மையான தண்ணீர்க் கேன்காரர் வந்தார். இருவரையும் பார்த்தார். கேனை இறக்கி வைத்துவிட்டு, காலிக் கேனைக் கேட்காமலே போய்விட்டார். நான் பிழியாத துணியோடு மாடியில் நின்றேன். என் புடவை முழுக்க ஈரமாகிவிட்டது.

சாயங்காலம் லாத்தா என்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மகள் விடுதிக்குப் போவதற்கு முன்பே கண்ணில் பனி மூடிய மாதிரி ஆரம்பித்துவிட்டது. அவருடைய வாப்பாவுக்கும் சர்க்கரை. கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வையே போய்விட்டது. தனக்கும் அதுதான் என்று லாத்தா முடிவுகட்டிவிட்டார். டாக்டரிடம் போனால் டாக்டரும் அதையே சொல்வார், எதற்குப் போய்க் கேட்பது என்று இருந்துவிட்டார். வெளியே தெரிந்தால் மகள் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள், கணவர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். அதனால் யாருக்கும் சொல்லவில்லை. கணவர் விழுந்தும் ஒரு வருஷம் ஆகிவிட்டது. சொன்னால் இவர் வரச்சொல்லி அழுவார் என்று அவரும் சொல்லவில்லை. வீடியோவில் முகத்தை மட்டும் காட்டியிருக்கிறார். அதையும் இவரால் பார்க்க முடியவில்லை.

"அப்ப அந்தப் படமெல்லாம் எப்படிச் சொன்னீங்க லாத்தா?"

"எப்படின்னா? நீங்கள்லாம் அது தெளியும்னு காத்துக்கிட்டு இருப்பீங்க. எனக்குத்தான் எதுவும் தெளியாதே. இருக்குறத வச்சி ஆளச் சொல்லணும். அடுப்படியிலயும் அப்படித்தான், தெருவுலயும் அப்படித்தான்." வாசல் பக்கம் திரும்பினார். "எல்லாரையும் சொன்னேன் டீச்சர். இவங்களச் சொல்லத் தெரியல. நட மாறிப்போச்சு. நான் என்ன பண்ணுவேன்?"

அப்போதுதான் அழுதார். அழும்போதும் முந்தானை எங்கே இருக்கிறது என்று கை தேடியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

மகளிடம் அன்றைக்கே சொன்னார்கள். அவள் போனில் முதலில் கத்தினாள், பிறகு ஆஸ்பத்திரிக்கு நாள் வாங்கினாள். புதுச்சேரியில் கண்ணைப் பார்த்த டாக்டர், இது உங்கள் வாப்பாவுக்கு வந்தது இல்லை, வெறும் கண்புரை, நன்றாக முற்றவிட்டுவிட்டீர்கள், எடுத்துவிடலாம் என்றார். சர்க்கரையால் உள்ளே கொஞ்சம் பாதிப்பு உண்டு, ஆனால் பார்வைக்கு மோசமில்லை. இவ்வளவு சின்ன விஷயமா என்று லாத்தா டாக்டரைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்ததாக மகள் சொன்னாள். வாப்பாவின் கண்ணையும் இப்படிக் காட்டியிருக்கலாமோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாராம்.

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. லாத்தா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து வீட்டைப் பார்த்தார். மின்விசிறி இறக்கையில் இருந்த ஒட்டடையைப் பார்த்தார். இவ்வளவு அழுக்கிலா இருந்தோம் என்றார். என்னைப் பார்த்தார்.

"டீச்சர், ஒங்க மூக்குல மச்சம் இருக்கா? சொல்லவே இல்ல?"

மலேசியா போகாத மாமா ஒரு பை ஆப்பிளோடு நலம் விசாரிக்க வந்தார். லாத்தா அவரை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாக, முழுசாகப் பார்த்தார். தேநீர் கொடுத்தார். வட்டிலப்பம் கொடுத்தார். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "யாருன்னே தெரியல. நல்ல மனுஷன்" என்றார்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். காலையில் படம் வந்ததும், நான் இறங்கி வரும்வரை காத்திருந்து, உம்மாவின் கையில் போனைக் கொடுத்தாள். லாத்தா பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார்.

"என்னடி இது, ஒண்ணுமே தெரியல. கலங்கலா இருக்கு. படம் கெட்டுப்போச்சா?"

"அது அப்படித்தான் உம்மா இருக்கும். எப்பவும் அப்படித்தான் இருந்துச்சு."

"இதுலயா நான் சொன்னேன்?"

ஏதோ ஒரு பெயரைச் சொன்னார். தப்பு. இன்னொன்று, அதுவும் தப்பு. கடைசி வாய்ப்பு வரை போய்த் தோற்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து பின்கட்டுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, உம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கடைசியில் தெளிந்த படத்தை லாத்தா கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிமை முடியைக்கூட ஒன்றொன்றாக வரைந்திருந்தார்கள். "இவ்வளவு வேல பண்ணியிருக்கானா" என்றார்.

அவர் கணவர் திரும்பக் குவைத்துக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மச்சானுடைய கடையில் உட்கார ஆரம்பித்தார். அடுத்த வருஷம் நாங்களும் வரிச்சிக்குடியில் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, லாத்தாவுக்கு இரண்டாவது கண்ணும் ஆகியிருந்த சமயம், ஒரு சாயங்காலம் மீன் ஆணம், அதுதான் மீன் குழம்பு, கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கீழே இறங்கினேன். அவர் கணவர் கூடத்தில் முன்கதவுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். லாத்தா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் நடக்கச் சொன்னாரா?" என்று அவரிடம் கேட்டேன்.

"டாக்டர் உக்காரச் சொன்னாரு. இவதான் நடக்கச் சொல்றா."

லாத்தா கண்ணைத் திறக்கவில்லை. "மொகம் பழகிடுச்சு டீச்சர். வந்த நாள்லேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நட பழகல. போனப்ப ஒரு நட, வந்தப்ப ஒரு நட. அன்னைக்கி எவரோன்னு நெனச்சேனே, அது இன்னும் உள்ள கெடக்கு."

"இப்பத்தான் கண்ணு தெரியுதே லாத்தா."

"தெரியுது. அடுப்படியில நிக்கும்போது முதுகுல கண்ணு இருக்கா?"

"கால் வலிக்குது" என்றார் அவர்.

"இன்னும் ஒரே தடவ. வாசல்லேர்ந்து வாங்க. நல்லா நடக்குற மாதிரி நடிக்காதீங்க. எப்படி வருதோ அப்படி வாங்க."

அவர் வெளியே போனார். திரும்பி வந்தார். ஒரு கால் தரையில் பதியும், ஒரு கால் இழுபடும். நான் கிண்ணத்தோடு ஓரமாக நின்றேன். அவர் வந்து நாற்காலிக்கு எதிரில் நின்றார். லாத்தா கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். அது எங்கேயும் தேடவில்லை. நேராகப் போய் அவருடைய இடது முழங்காலில் படிந்தது.

"இந்தக் காலுதானே?"

அந்தக் கால்தான்.